பெட்டியில் 1.55, இன்ஜினில் எவ்வளவு? ராக்கர் விகிதத்தையும் துவளலையும் அளக்கும் வழிகள்

பெட்டியின் மேல் 1.55 என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இன்ஜின் வால்வுகளை அழுத்தித் திறக்கும் எட்டு ராக்கர் ஆர்ம்கள், முனையில் சின்ன உருளை வைத்தவை, எண்ணெய்த்தாளில் சுற்றி அடுக்கியிருந்தன. மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த தம்பி அதைப் பட்டறை மேசையில் இறக்கிவிட்டு, "அண்ணே, இதைப் போட்டால் வால்வு எவ்வளவு கூடுதலாகத் திறக்கும்?" என்று கேட்டான். பெட்டியில் இருக்கும் எண்ணை வைத்துப் பெருக்கிச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எப்படி அளப்பது என்பதில்தான் அன்று எங்களுக்குள் பேச்சு நீண்டது. பழைய புல்லட்டையோ அம்பாசடரையோ ஜீப்பையோ வேகத்துக்குத் தயார்செய்ய நினைக்கும் எவருக்கும் அதே கேள்வி வரும் என்பதால் அதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

வண்டி அவனுடைய தாத்தா டாக்சியாக ஓட்டிய பெட்ரோல் அம்பாசடர். களியக்காவிளைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் அது ஏறி இறங்காத மேடு இல்லை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை தயாரித்த கார் அது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் 'பி சீரிஸ்' என்று பெயரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. வால்வுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்று தன் மேடுகளால் தீர்மானிக்கும் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிறது. அதன்மேல், மேடு தூக்கத் தூக்க ஏறும் டேப்பட்; டேப்பட்டின்மேல் அந்த ஏற்றத்தை மேலே கொண்டுபோகும் நீண்ட புஷ் ராடு. ஹெட்டின் மேலே நான்கு தூண்கள் தாங்கும் ஒரு தண்டில் எட்டு ராக்கர்கள் வரிசையாக ஆடுகின்றன. கேம் சொல்லும் செய்தி இத்தனை கை மாறித்தான் வால்வுக்குப் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் உதிர்கிறது.

ராக்கர் என்பது கிணற்றுத் துலா மாதிரி. தாங்கும் புள்ளி நடுவில் இல்லை. வால்வு பக்கத்துக் கை நீளம், புஷ் ராடு பக்கத்துக் கை குட்டை. புஷ் ராடு ஒரு மில்லிமீட்டர் ஏறினால் வால்வு ஒன்றரை மில்லிமீட்டர் இறங்குகிறது என்றால் விகிதம் 1.5. இந்த இன்ஜினில் நிறுவனம் கொடுத்த ராக்கர் 1.4 என்ற அளவில் இருக்கும். தம்பியின் கேம், டேப்பட்டை 6.20 மி.மீ. தூக்குகிறது. 1.55 உண்மையென்றால் வால்வு 9.61 மி.மீ. திறக்க வேண்டும். அவனுடைய பழைய ராக்கரில் அளந்தது 8.72. கேமை மாற்றாமல், இன்ஜினை இறக்காமல், 0.89 மி.மீ. கூடுதல் திறப்பு. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் துலாவின் மறுபக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். அதே ஸ்பிரிங் இருந்தாலும் விகிதம் கூடும் அளவுக்குப் புஷ் ராடு மீதும் டேப்பட் மீதும் பாரம் கூடும். கூடும் பாரத்துக்கு உலோகம் துவளும். துவளும் அளவுக்கு, கூடுதலாகக் கிடைக்க வேண்டிய திறப்பு குறையும்.

இந்தத் துவளலைப் புரிந்துகொள்ள இன்ஜினுக்குப் போக வேண்டியதில்லை. உயரத்தில் காய்த்த முருங்கைக்காயை நீண்ட மூங்கில் தொரட்டியால் பறிப்பவரைப் பாருங்கள். கீழே கை ஒரு சாண் இழுத்துவிடும். மேலே கொக்கி இன்னும் அசைந்திருக்காது. முதலில் மூங்கில் வளைகிறது, அதற்குப் பிறகுதான் காம்பு அறுகிறது. அறுந்த கணத்தில் தொரட்டி எதிர்ப்பக்கம் விசிறி ஆடுகிறது. அப்போது கொக்கி எங்கே போகும் என்று பிடித்திருப்பவருக்கே தெரியாது. புஷ் ராடும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. வளைந்து சேமித்த விசையைக் கேமின் முனையருகே திருப்பிக் கொடுக்கிறது. கேம் சொல்லாத உயரத்துக்கு வால்வு பறந்து, சொல்லாத நேரத்தில், மூடும்போது தான் அமரும் இருக்கையில் வந்து மோதுகிறது. அதிவேகத்தில் இன்ஜின் திடீரென்று மூச்சு விடத் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். கார்புரேட்டரையும் இக்னிஷனையும் மாற்றி மாற்றிப் பணத்தைச் செலவழிப்பவர்கள் பலர் இங்கே தேடுவதே இல்லை.

இப்போது வழிகளுக்கு வருகிறேன். மிக எளியது, ராக்கரைக் கையில் எடுத்து வெர்னியர் காலிப்பரால் இரண்டு கைகளையும் அளந்து வகுப்பது. தண்டுத் துளையின் மையத்திலிருந்து உருளையின் மையம் வரை ஒன்று, தண்டுத் துளையின் மையத்திலிருந்து புஷ் ராடு அமரும் குமிழின் மையம் வரை இன்னொன்று. ஐந்து நிமிட வேலை. தம்பி கொண்டுவந்த எட்டையும் இப்படி அளந்ததில் ஏறக்குறைய எல்லாமே 1.55க்குப் பக்கத்தில் வந்தன. ஆக, பெட்டியில் பொய் இல்லை. இந்த முறையின் நல்ல பயன் அதுதான்: எட்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா, ஏதாவது ஒன்று வார்ப்பில் கோணியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் இது அசையாத ராக்கரின் அளவு. இன்ஜினில் ராக்கர் சாய்கிறது. சாயும்போது கையின் நீளம் மாறாவிட்டாலும், வால்வின் திசைக்கும் புஷ் ராடின் திசைக்கும் செங்குத்தாக நிற்கும் பகுதி மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் விகிதம் என்பது ஒற்றை எண்ணாக இருக்க முடியாது. வால்வு மூடியிருக்கும்போது ஒன்று, பாதி திறப்பில் ஒன்று, முழுத் திறப்பில் ஒன்று. பி சீரிஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. டேப்பட் இடைவெளியைச் சரிசெய்யும் திருகு ராக்கரின் புஷ் ராடு முனையிலேயே இருக்கிறது. அதை வெளியே இறக்க இறக்கக் குமிழின் இடம் மாறி, விகிதமும் மெல்ல நகர்கிறது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு ராக்கர்கள், திருகு நிற்கும் இடத்தைப் பொறுத்து இரண்டு விகிதம் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே காலிப்பர் முறையை வாங்கும்போது செய்யும் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். முடிவெடுக்கப் போதாது.

இரண்டாவது வழி, இன்ஜினிலேயே டயல் கேஜ் வைத்து அளப்பது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் ஒரு பைக் டயர் வாங்கும் செலவுக்குள் அடங்கிவிடும். இரண்டு கேஜ் இருந்தால் வேலை சுலபம். ஒன்று இருந்தாலும் நடக்கும். முதலில் ராக்கரைக் கழற்றிவிட்டுப் புஷ் ராடின் தலையில் கேஜை வைத்து, கிராங்கைச் சுற்றி, அதன் முனையில் பூட்டிய டிகிரி வீலில் (கோணம் குறித்த வட்டத்தகடு) பத்துப் பத்து டிகிரியாக டேப்பட் ஏற்றத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ராக்கரைப் பூட்டி, இடைவெளியைப் பூஜ்ஜியமாக்கி, வால்வு ஸ்பிரிங்கின் தொப்பியில் கேஜை வைத்து அதே டிகிரிகளில் மறுபடியும் குறிக்க வேண்டும். பூஜ்ஜியம் பிடிக்க பி சீரிஸில் நல்ல குறுக்குவழி உண்டு: எட்டாம் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாம் வால்வு நிச்சயமாக மூடியிருக்கும். இரண்டின் கூட்டுத்தொகை ஒன்பது என்று டாக்சி மெக்கானிக்குகள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு.

இந்தச் சுற்றில் உண்மையான வால்வு ஸ்பிரிங் இருக்கக் கூடாது. அதைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் அழுத்தினாலே அமுங்கும் மெல்லிய ஸ்பிரிங்கைப் போட வேண்டும். அப்போது பாரம் இல்லை, பாரம் இல்லாததால் துவளலும் இல்லை. கிடைப்பது வடிவத்தின் விகிதம் மட்டும். தம்பியின் இன்ஜினில் ஒன்றாம் வால்வு டேப்பட் 2.00 ஏறியபோது 2.97, 4.00 ஏறியபோது 6.00, முழு 6.20 ஏறியபோது 9.36 காட்டியது. வகுத்தால் 1.485, 1.500, 1.510. 1.55 எங்குமே வரவில்லை. அதைவிட முக்கியம், விகிதம் கடைசிவரை ஏறிக்கொண்டே போனது. வால்வு பக்கத்துக் கை பாதித் திறப்பில் வால்வுக்குச் செங்குத்தாக வந்து கடந்திருக்க வேண்டும். இங்கே கடைசியில்தான் அந்த இடத்தை நெருங்குகிறது. அதாவது ராக்கர் தண்டு தாழ்ந்து நிற்கிறது, தூணுக்கு அடியில் தகடு வைத்து உயர்த்த வேண்டும். வால்வுத் தண்டின் நுனியில் மை பூசிச் சுற்றிப் பார்த்தபோது உருளை பதித்த தடமும் அதையே சொன்னது. நடுவில் குறுகலாக விழவேண்டிய தடம் ஒரு பக்கம் ஒதுங்கி அகலமாக விழுந்திருந்தது. காலிப்பர் ஒருநாளும் சொல்லியிருக்காத செய்தி இது.

இந்த முறையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. கேஜின் ஊசி வால்வுத் தண்டின் திசையிலேயே நிற்க வேண்டும். ஹெட்டின் மேல் இடநெருக்கடி. ஸ்டாண்ட் சாய்ந்தேதான் நிற்கப் பார்க்கும். 5 டிகிரி சாய்ந்தால் பிழை ஆயிரத்தில் நான்கு, பொறுத்துக்கொள்ளலாம். 10 டிகிரி சாய்ந்தால் நூறில் ஒன்றரை. 9.36 மி.மீ. திறப்பில் அது 0.14 மி.மீ.! கண்ணால் பார்த்தால் நேராகத்தான் தெரியும் சாய்வு அது. இந்த 0.14 எவ்வளவு பெரியது என்பது அடுத்த பத்தியில் விளங்கும். நான் ஒரு சின்ன மூலைமட்டத்தை ஸ்பிரிங் தொப்பியின் மேல் நிறுத்தி, இரண்டு பக்கத்திலிருந்தும் ஊசியை ஒத்துப் பார்த்த பிறகுதான் பூஜ்ஜியம் வைக்கிறேன். கடற்கரைக் காற்றின் உப்பு ஊசித் தண்டில் படிந்தால் ஊசி திக்கித்திக்கி நகரும். அதனால் ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எடுத்து ஒத்துப் பார்ப்பது வழக்கம்.

மூன்றாவது வழி, இரண்டாவதன் தொடர்ச்சிதான். மெல்லிய ஸ்பிரிங்கைக் கழற்றி, ஓடப்போகும் உண்மையான ஸ்பிரிங்கைப் போட்டு, கேஜை அதே இடத்தில் வைத்து மறுபடியும் அளப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் துவளல். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் சின்னமுட்டத்தில் விசைப்படகு டீசல் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்த ஓர் ஆசான். "மக்களே, பாரம் இல்லாமல் ஒரு தடவை அள, பாரத்தோடு ஒரு தடவை அள. நடுவில் காணாமல் போவதுதான் நீ தேடுவது" என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தது படகின் தண்டு பற்றி. நான் அதை வால்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஒன்றாம் வால்வில் 9.36 காட்டிய இடத்தில் உண்மையான ஸ்பிரிங்கோடு 9.21 தான் வந்தது. 0.15 மி.மீ. காணவில்லை. நான்காம் வால்வில் 9.37லிருந்து 9.26, இழப்பு 0.11. இரண்டும் எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுகள், ஒரே ஸ்பிரிங், ஒரே ராக்கர் வகை. பிறகு ஏன் வித்தியாசம்? ராக்கர் தண்டைப் பார்த்தால் விடை கண்ணெதிரே இருக்கிறது. நான்கு தூண்கள், எட்டு ராக்கர்கள். ஒன்றும் எட்டும் கடைசித் தூண்களுக்கு வெளியே, தண்டின் தொங்கும் முனையில் இருக்கின்றன. நான்கும் ஐந்தும் இரண்டு தூண்களுக்கு நடுவே. திண்ணைக்கு வெளியே நீட்டிய உத்திரத்தின் நுனியில் பாரம் வைத்தால் அது தாழத்தான் செய்யும்.

மீதியைக் கணக்குப் போட்டுப் பிரித்தோம். முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் பாரம் 90 கிலோ. விகிதத்தால் பெருக்கினால் புஷ் ராடு மீது 136 கிலோ. வெளி விட்டம் 8, உள் விட்டம் 5, நீளம் 265 மி.மீ. உள்ள எஃகுக் குழாய் இந்தப் பாரத்தில் 0.06 மி.மீ. அமுங்கும். அதை ராக்கர் பெருக்கி வால்வில் 0.09 ஆக்கிவிடுகிறது. அதாவது தொலைந்ததில் பாதிக்கு மேல் புஷ் ராடு ஒன்றிலேயே. எடை குறைகிறதே என்று இதே அளவில் அலுமினியத்தில் செய்திருந்தால் அமுங்கல் மூன்று மடங்காகியிருக்கும், எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் தம்பி ராக்கர் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்துப் புஷ் ராடைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

இன்னொரு வசதி இந்த மூன்றாவது வழிக்கு உண்டு. கேஜ் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இரண்டு சுற்றிலும் ஒரே சாய்வாக இருந்தால் வித்தியாசம் அதிகம் கெடாது. விகிதத்தைச் சரியாகச் சொல்லக் கேஜ் நேராக நிற்க வேண்டும். துவளலைச் சொல்லக் கேஜ் அசையாமல் நின்றால் போதும். அதனால் நடுவில் ஸ்பிரிங் மாற்றும்போது ஸ்டாண்டைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் முதல் சுற்றிலிருந்து தொடங்குவதே நல்லது. 10 டிகிரி சாய்வில் வரும் 0.14 மி.மீ. பிழையும், நாங்கள் தேடிய 0.15 மி.மீ. துவளலும் ஏறக்குறைய ஒரே எண் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வு முழுதாகத் திறந்த இடத்தில் அளப்பதுதான் நம்பகமானது. ஏறும் சரிவில் கிராங்கின் ஒரு டிகிரிக்கே வால்வு 0.1 மி.மீ. நகர்ந்துவிடும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால், பலமான ஸ்பிரிங் கேமைப் பின்னுக்குத் தள்ளி, இல்லாத துவளலைக் காட்டும். உச்சியில் ஒரு டிகிரி முன்பின் போனாலும் ஏற்றம் மாறுவதில்லை. எப்போதும் ஒரே திசையில் சுற்றவேண்டும் என்பதும் இதனால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த முறை எதைக் காட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். இது நிற்கும் இன்ஜினின் துவளல். ஓடும் இன்ஜினில் பாரம் வேறு இடத்தில் விழுகிறது. வால்வைத் திடீரென்று கிளப்பும் ஏறுசரிவில் ஸ்பிரிங் விசையோடு வால்வின் நிலைமமும் சேர்ந்து புஷ் ராடை அழுத்துகிறது; அங்கேதான் துவளல் மிக அதிகம். கேமின் உச்சியில் நிலைமம் எதிர்த்திசையில் வேலைசெய்கிறது, புஷ் ராடு மீது பாரம் குறைகிறது. வேகம் மிகக் கூடினால் பாரம் பூஜ்ஜியத்தைத் தொட்டு வால்வு தன்னிச்சையாகப் பறக்கத் தொடங்குகிறது. நிலைமம் சுழற்சியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. நிமிடத்துக்கு 3000 சுற்றிலிருந்து 6000க்குப் போனால் அது நான்கு மடங்கு. எக்ஸாஸ்ட் வால்வுக்கு இன்னொரு பாரமும் உண்டு. எரிந்த வாயு இன்னும் அழுத்தத்தோடு இருக்கும்போதே அது திறக்க வேண்டும். 33 மி.மீ. விட்டமுள்ள வால்வின் மேல் 4 பார் அழுத்தம் என்றால் சுமார் 35 கிலோ. இந்த இன்ஜினில் தண்டின் தொங்கும் முனையில் இருக்கும் ஒன்றும் எட்டும் எக்ஸாஸ்ட் வால்வுகளே என்பது அதைவிடக் கவலைக்குரியது.

ஓடும்போதே அளக்கும் நான்காவது வழியும் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் டிரெண்ட் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தின் ஸ்பின்ட்ரான் என்ற இயந்திரம் அப்படிப்பட்டது. எரிபொருள் இல்லாமல் மின்மோட்டாரால் இன்ஜினைப் பந்தய வேகத்தில் சுற்றி, லேசர் கதிரால் வால்வின் அசைவைப் பின்தொடர்ந்து, எந்த வேகத்தில் வால்வு கேமைவிட்டுப் பிரிகிறது, எந்த வேகத்தில் இருக்கையில் மோதித் துள்ளுகிறது என்று வரைபடமாகக் காட்டுகிறது. நாள்தோறும் கேம் வடிவமைக்கும் நிறுவனங்களுக்கும் பெரிய பந்தய அணிகளுக்கும் அது தேவை. ஒற்றை அம்பாசடருக்காக யாரும் அந்த வழியில் போக வேண்டியதில்லை. அதைப் பற்றி இங்கே எழுதக் காரணம், நிற்கும் இன்ஜினில் எடுத்த 0.15 என்ற எண்ணை ஓடும் இன்ஜினின் எண்ணாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே. அந்த எண், எந்த மாற்றம் விறைப்பைக் கூட்டியது, எது கூட்டவில்லை என்று ஒப்பிடுவதற்கானது. அந்த வேலைக்கு அது முழுதாகத் தகுதியானது.

எதையும் அளக்காமல் நேரே பெரிய புஷ் ராடு, பலமான ஸ்பிரிங் என்று போட்டுவிடுபவர்களும் உண்டு. புஷ் ராடு விஷயத்தில் அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வெளி விட்டத்தை 8லிருந்து 9.5க்கும், சுவரை 2 மி.மீ.க்கும் கூட்டினால் அமுங்கலுக்கு எதிரான விறைப்பு ஒன்றரை மடங்கு, வளைவுக்கு எதிரானது இரண்டு மடங்குக்கும் மேல். எடையும் ஒன்றரை மடங்காகிறதே என்று பயப்பட வேண்டாம். ராக்கரின் குட்டைக் கைப் பக்கத்தில் இருக்கும் எடை, வால்வு உணரும்போது விகிதத்தின் வர்க்கத்தால் வகுபட்டுவிடும். அங்கே கூடும் 10 கிராம் வால்வுக்கு நான்கரை கிராம்தான். வால்வு பக்கத்தில் எடையைக் குறை, புஷ் ராடு பக்கத்தில் விறைப்பைக் கூட்டு என்பது இதிலிருந்து வருகிறது. ஹெட்டின் துளையில் புதிய ராடு உரசாமல் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு வார்ப்பிரும்பு புல்லட்டுக்குக் கூடுதல் ஏற்றமுள்ள கேமும் கனமான ஸ்பிரிங்கும் போட்டேன். காகிதத்தில் எழுதிய ஏற்றத்தை நம்பி, முழுத் திறப்பில் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று பார்க்கவில்லை. ஆரல்வாய்மொழி கணவாயில் எதிர்க்காற்றை எதிர்த்து முழு வேகத்தில் போகும்போது ஒரு புஷ் ராடு வளைந்து வண்டி நின்றது. காற்றாலைகளுக்குக் கீழே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் நான் அல்ல, என்னை நம்பி வண்டியைக் கொடுத்தவர். அதை மறக்க முடியவில்லை. சுற்றுகள் முட்டுவதற்கு முன்னால் குறைந்தது 1.5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். அதை அளக்க அரை மணி நேரம் போதும்.

எனவே யாருக்கு எது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். மலையடிவாரத்தில் ரப்பர் பால் ஏற்றும் ஜீப்புக்கும், மெதுவாகச் சுழலும் படகு டீசலுக்கும் நிறுவனத்தின் ராக்கரைத் திரும்பப் போடுகிறீர்கள் என்றால் காலிப்பரும், டேப்பட் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் போதும். விகிதத்தைக் கூட்டுகிறீர்கள், அல்லது கேமை மாற்றுகிறீர்கள் என்றால் டயல் கேஜில் மெல்லிய ஸ்பிரிங் சுற்று கட்டாயம். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையிலான தூரத்தையும் அந்தச் சுற்றிலேயே பாருங்கள். துவளல் இல்லாத அளவுதான் மிகப் பெரிய திறப்பு, பாதுகாப்புக்கு அதுவே அடிப்படை. இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. என்பது பொதுவாக வைக்கும் இடைவெளி. ஓடும் வேகத்தில் வால்வு பறப்பதற்கும் சேர்த்து வைக்கும் இடம் அது. ஸ்பிரிங்கையும் பலப்படுத்துகிறீர்கள், 5000 சுற்றுக்கு மேலே இன்ஜினை அடிக்கடி ஓட்டப்போகிறீர்கள் என்றால் மூன்றாவது சுற்றை விடவே விடாதீர்கள். இரண்டாவதைச் செய்தவருக்கு அது இன்னும் ஒரு மாலை நேர வேலைதான். பணம் கூடுதலாக ஒன்றும் ஆகாது. நான்கு வழிகளிலும் கொடுத்த நேரத்துக்கு அதிகமாகத் திருப்பித் தருவது இது என்பது என் உறுதியான கருத்து.

புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹெட் அலுமினியம் என்றால் காந்தம் ஒட்டாது; ஹெட்டின் ஸ்டட்டில் ஓர் இரும்புத் தகட்டைப் பூட்டி அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்துங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்த பிற்கால யூ.சி.இ. இன்ஜின்களில் டேப்பட் எண்ணெயால் வேலைசெய்வது. உண்மையான ஸ்பிரிங்கின் பாரத்தில் அது மெதுவாக அமுங்கி, எல்லாத் துவளலையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். அளக்கும்போது மட்டும் அதே உயரத்தில் திடமான ஒரு துண்டை லேத்தில் கடைந்து வைத்தால்தான் எண் நம்பும்படி இருக்கும்.

தம்பியின் இன்ஜினுக்குத் திரும்புகிறேன். ராக்கரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை, நல்ல பொருள்தான். தூண்களுக்கு அடியில் தகடு வைத்துத் தண்டை உயர்த்தினோம். தண்டின் இரண்டு முனைகளுக்கும் வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு துணைத் தூண் வேண்டும் என்று கோட்டாறில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் படம் வரைந்து கொடுத்தோம். அவர் படத்தைப் பார்த்துவிட்டு எண்ணெய்த் துளையை எங்கே விடுவது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், நாங்கள் அதை யோசித்திருக்கவில்லை. தடித்த புஷ் ராடுகள் வர மூன்று வாரம் ஆனது. தகடு வைத்ததால் ஏறிய தூரத்துக்கும் சேர்த்து நீளம் சொல்லியிருந்தோம். திருகு நடுவாந்திரமாக நின்றது.

மறுபடியும் அளந்தோம். ஒன்றாம் வால்வு, மெல்லிய ஸ்பிரிங்: 9.40. நுனியில் மைத்தடம் நடுவில், தீக்குச்சி அகலத்துக்கு. உண்மையான ஸ்பிரிங்: 9.32. காணாமல் போனது 0.15லிருந்து 0.08 ஆகக் குறைந்திருந்தது. ஓடும்போது வைக்கும் 0.38 மி.மீ. டேப்பட் இடைவெளியைக் கழித்தால் 8.94. பழைய ராக்கர், பழைய ஸ்பிரிங்கோடு, அதே இடைவெளியில் கொடுத்தது 8.25.

"அண்ணே, அப்படியென்றால் எவ்வளவு கூடுதல்?" என்று நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

0.69 என்றேன்.

பெட்டி சொன்ன 0.89ஐ அவனே நோட்டின் ஓரத்தில் எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் 0.69 என்று எழுதித் தேதி போட்டான்.